தரங்கம்பாடிக்கு இரண்டு சாட்சிகள்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடை வாசலில் கார் நின்றது. புறப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்: நான், தானியேல், எங்கள் சபையின் பொருளாளர். வந்திருந்தவர்கள் இரண்டு பேர். பொருளாளர் போனில் வந்தார்.

"சார், ராத்திரிலேருந்து வயிறு சரியில்ல. நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்லேருந்தே ஜெபத்துல தாங்குறேன்."

ஜெபத்தில் தாங்குவது என்பது, எங்கள் சபையில் ஒரு காரியத்திலிருந்து கழன்றுகொள்ள அங்கீகரிக்கப்பட்ட வழி. யாரும் ஆட்சேபிக்க முடியாது. பொருளாளர் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கிருபா டீச்சரிடம் கணக்குப் படித்தவர். நாங்கள் போவது தரங்கம்பாடியில் இருக்கும் கிருபா டீச்சரைப் பார்க்க. பொருளாளர் வயிறு ஏன் சரியில்லை என்று எனக்குத் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடி ஏறத்தாழ நூற்றைந்து கிலோமீட்டர். கும்பகோணம், மயிலாடுதுறை வழி. வாடகைக் காருக்குக் கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், ஓட்டுநர் படி தனி. பேருந்தில் போனால் இதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் சமாதானத் தூதுக் குழு மயிலாடுதுறையில் பேருந்து மாறுவது கௌரவமாக இருக்காது என்று கமிட்டி கருதியது.

தூதின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தை மாதக் கடைசியில் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில், வயலில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவோம். ஒரு கட்டு முருங்கைக்காயைச் சந்தை விலைக்கு நாலு மடங்கு கொடுத்து எடுப்பவர் அன்றைக்குப் பக்திமான். ஏலம் போடுபவர் வருடா வருடம் தானியேல்தான். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்து ஓய்ந்தவர். உயிரோடு, சுகமாக இருக்கும் மனிதனிடம் அவனுடைய சாவைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பேசி, அவனையே பணமும் கட்டவைத்த வாய் அது. பூசணிக்காயையும் பேசியே விற்றுவிடும்.

இந்த வருடம் கிருபா டீச்சர் ஒரு சாக்கு சீரகச் சம்பா அரிசி கொண்டுவந்திருந்தார். அவர் சொந்த நிலத்தின் முதல் விளைச்சல். சாக்குதான் அரசாங்கச் சாக்கு, எங்கேயோ கிடைத்தது. தானியேல் சாக்கைப் பார்த்தார், ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார், கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ரேஷன் கடை வாசனை வருதே! கார்டு கொண்டுவந்தவங்க மட்டும் ஏலம் கேளுங்கப்பா!"

முற்றம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது டீச்சருடைய நாற்காலி காலியாக இருந்தது. மறுநாள் காலை எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில், டீச்சர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார் என்று ஒரு வரி வந்தது. அந்த வாரக் கடைசியில் வீட்டையும் பூட்டிக்கொண்டு தரங்கம்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது புரட்டாசி.

இப்படிப்பட்ட பிணக்குகளுக்கு வேதத்தில் நடைமுறை சொல்லப்பட்டிருக்கிறது. முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும். சரிவராவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வருடம் பத்திரப்பதிவுத் துறையில் இருந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். இவ்வளவு தெளிவான ஒழுங்கை எந்த அரசாணையிலும் கண்டதில்லை. எங்கள் சபை இதைக் கடைசியிலிருந்து தொடங்கியது. முதலில் வாட்ஸ்அப் குழுவில் நூற்றெண்பது குடும்பத்துக்கும் தெரிந்தது. அடுத்து ஐயர் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல், ஆனால் எல்லோரும் தானியேலைத் திரும்பிப் பார்க்கும்படி, நாவை அடக்குவது பற்றிப் பேசினார். (எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) பிறகு கமிட்டி கூடிக் கலைந்தது, மூன்று முறை. இப்போதுதான் சாட்சிகள் கட்டத்துக்கு இறங்கி வந்திருக்கிறோம்.

அதுவும் தானாக இறங்கவில்லை. வருகிற வியாழக்கிழமை தானியேலின் மகள் ஜெனிஃபருக்குக் கல்யாணம். பெண்ணின் அம்மா ஆறு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் வாங்கிய ஞானத்தாய், கிருபா டீச்சர். அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் இருந்தவரும் அவரே. இரண்டு வாரத்துக்கு முன் ஜெனிஃபர் என் எதிரிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டாள்:

"அம்மா இடத்துல டீச்சர் நிக்கணும்ப்பா. அவங்க வரலன்னா கோயில்ல கல்யாணம் வேணாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சுக்கலாம்."

"அதுக்கும் முப்பது நாள் முன்னாடியே நோட்டீஸ் கொடுக்கணும்மா" என்றேன் நான். தகவலுக்காகத்தான்.

"உங்களை யாரு அங்கிள் கேட்டா?" என்றாள்.

தானியேல் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

காலை ஏழு மணி. டீக்கடை வாசலிலேயே அரை மணி போய்விட்டது. சாட்சி ஒருவர் போதுமா, இரண்டு வேண்டுமா என்பது பிரச்சினை. ஒன்றிரண்டு என்றுதான் வேதம் சொல்கிறது. ஆனால் ஒரே சாட்சியோடு எந்தப் பத்திரத்தையும் நான் பதிந்ததில்லை. ஓட்டுநர் முருகேசன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியில் ஒரு வேல், ஒரு எலுமிச்சம்பழம்.

"சாட்சின்னா என்னங்க சார் பண்ணணும்?"

"பக்கத்தில் இருந்து பார்க்கணும்."

"அவ்ளோதானா? நான் இருக்கேனே. வெயிட்டிங் சார்ஜ்ல கழிச்சுக்கலாம்."

"நீங்க எங்க சபை இல்லையேப்பா" என்றார் தானியேல், அழாக் குறையாக.

"அதனாலதான் சார் நல்லது. நான் எந்தப் பக்கமும் இல்ல. ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. எங்க சாமிகிட்ட நான் ஒருத்தன் போனாலே கேட்டுக்குது. உங்களுக்குக் கமிட்டி மாதிரி கோரம் வேணுமா?"

பதிவுச் சட்டப்படி சாட்சி வயது வந்தவராகவும் புத்தி சுவாதீனம் உள்ளவராகவும் இருந்தால் போதும். மதம் கேட்கப்படுவதில்லை. முருகேசனை ஏற்றுக்கொண்டேன்.

ஏழே முக்கால். அய்யம்பேட்டை தாண்டியதும் சாலையில் பாதி நெல். குறுவை அறுவடை முடிந்து, ஈரம் காயக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். இருபுறமும் கல் வைத்து, மிச்சப் பாதியில் பேருந்தும் லாரியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர்ந்தன. கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அறுவடை இயந்திரம் ஒன்று எங்களுக்கு முன்னால் தேர் மாதிரி போயிற்று. அதை முந்துவதற்கு முருகேசன் தன் சாமி, எங்கள் சாமி இரண்டையும் கூப்பிட்டார்.

பாபநாசத்துக்கு முன் காரை ஓரங்கட்டச் சொன்னேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மூங்கில் புதரை ஒட்டி, அறுத்த தாள் நிற்கும் நான்கு மா நிலம். ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்.

"இதுதான் டீச்சர் வாங்கினது" என்றேன்.

தானியேல் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். "இவ்ளோ தூரத்துலயா? வயசான காலத்துல இவங்களுக்கு எதுக்கு நிலம்?"

அந்தக் கிரயத்துக்கு வில்லங்கம் பார்த்துக் கொடுத்தவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். விற்றவர்கள் சென்னையில் இருக்கும் வாரிசுகள், ஆறு பேர். கணினி வேலை, கல்லூரி வேலை என்று போனவர்கள். அவர்களுடைய தாத்தா காலத்தில் இந்த வயலில் கூலிக்கு நின்றவர் டீச்சரின் அப்பா. கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். அந்த நெல்லைக் குத்தி உலையில் போடும்போது டீச்சரின் அம்மா ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி தனியாகப் பானையில் எடுத்து வைப்பாராம். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்று பேர். எங்கள் பக்கத்துச் சபைகளில் பழைய வழக்கம். டீச்சர் தன் ஓய்வுப் பணத்தைப் போட்டு, அப்பா நின்ற அதே வயலை வாங்கி, முதல் விளைச்சலைப் பிடியாக இல்லாமல் சாக்காகக் கொண்டுவந்து வைத்தார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். தானியேல் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு யாரும் சொல்லலையே சார்."

"ஏலத்துல யாரு சார் மூலபத்திரம் பார்ப்பாங்க?" என்று முருகேசன் வண்டியை எடுத்தார். அவர் ஆறுதலாகச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்பது தெரியவில்லை.

எட்டே முக்கால், கும்பகோணம். தாராசுரத்தில் கோயில் பார்க்க வந்த பேருந்துகளைத் தாண்டி ஊருக்குள் நுழைய இருபது நிமிடம். பித்தளை டபராவில் காபி நாற்பது ரூபாய். தஞ்சாவூரில் இதே காபி இருபதுக்குக் கிடைக்கும், டபரா எவர்சில்வர். பித்தளைக்கு இருபது ரூபாய் கொடுக்கிறோம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். தானியேல் இட்லியைத் தொடவில்லை. முருகேசன் தன்னுடையதோடு அதையும் சாப்பிட்டார்.

ஆடுதுறை தாண்டியதும் ஒத்திகை. கமிட்டி சார்பாக நான் ஒரு மன்னிப்பு வாசகம் எழுதிக் கொடுத்திருந்தேன். தானியேல் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"மேற்படி பண்டிகை நாளன்று ஏல நடவடிக்கைகளின்போது தற்செயலாக வெளிப்பட்ட சில சொற்களால் தங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருக்கும் பட்சத்தில், அதற்காக வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."

முருகேசன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "சார், இது மன்னிப்பா, கரண்ட் கட் அறிவிப்பா?"

"பின்னாடி பிரச்சினை வராத மாதிரி எழுதியிருக்கு" என்றேன்.

"அதான் சார் தெரியுது. யாருக்குமே பிரச்சினை வராது. என் பொண்டாட்டிகிட்ட இதைப் படிச்சா சோறு வராது."

குத்தாலம் வரைக்கும் தானியேல் அதை மனப்பாடம் செய்து பார்த்தார். 'ஏற்பட்டிருக்கும் பட்சத்தில்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுபோனார்.

பதினொன்றரை, திருக்கடையூர். மயிலாடுதுறை, செம்பனார்கோயில் தாண்டி நன்றாக வந்த கார் இங்கே நின்றுவிட்டது. புரட்டாசியிலும் இங்கே கல்யாணக் கூட்டம் குறையாது. அறுபது வயதானவர்களும் எண்பது வயதானவர்களும் மாலை போட்டுக்கொண்டு, கட்டிய மனைவிக்கே மறுபடி தாலி கட்டுகிற ஊர். தெரு முழுக்கக் கிழ மாப்பிள்ளைகள். ஒரு பெரியவர் பட்டு வேட்டியோடு காருக்குக் குறுக்கே நின்று, மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற அம்மாள், "இன்னிக்காவது வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா" என்றார்.

"பாருங்க சார்" என்றார் முருகேசன். "அறுபது வருஷம் சண்டை போட்டவங்களே மறுபடி கல்யாணம் பண்ணிக்கிறாங்க. நீங்க ஒரு சாக்கு அரிசிக்குப் போய்…"

"பேசாம ஓட்டுப்பா" என்றார் தானியேல். மன்னிப்புத் தாளை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எந்த வீட்டு வாசலிலும் மணியை அடித்துவிட்டுப் புன்னகையோடு நின்ற மனிதர் அவர். பாலிசி வேண்டாம் என்று நாயை அவிழ்த்துவிட்ட வீட்டிலும் இரண்டாம் முறை போனவர். ஒரு வாசலுக்குப் போகப் பயந்து அவரை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

பன்னிரண்டேகால், தரங்கம்பாடி. வெள்ளை அடித்த பழைய நுழைவாயிலைக் கடந்தால் நேரே கடல் தெரியும். இரண்டு பக்கமும் அகலமான சுவர் வைத்த வீடுகள், பழைய கோயில்கள், கோட்டை. டென்மார்க்குக்காரர்கள் கட்டியது. செல்பி எடுப்பவர்கள் கோட்டையை விட அதிகமாகக் கடலைத்தான் எடுக்கிறார்கள். கோட்டை பின்னால் லேசாக விழுகிறது. வெயில் காரக்குழம்பு மாதிரி. ஆனால் காற்றுக்குக் குறையில்லை.

டீச்சர் இருந்தது கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, தங்கை வீட்டு மாடியில். தங்கை நாகப்பட்டினம் போயிருந்தார். கதவைத் திறந்த டீச்சர் எங்களைப் பார்த்துக் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"வாங்க அண்ணே. வாங்க தானியேல் சார், உக்காருங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?"

முப்பது வருடமாக டீச்சர் தானியேலை "டேய்" போட்டுத்தான் கூப்பிடுவார். சாரும் ங்களாவும் சேர்ந்து வருகிறதென்றால் வழக்கு மோசமான கட்டத்தில் இருக்கிறது.

"இவரு யாரு?" என்று முருகேசனைக் காட்டினார்.

"இரண்டாவது சாட்சி" என்றேன்.

"பேரு?"

"முருகேசனுங்கம்மா. வண்டி ஓட்டிட்டு வந்தேன்."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நூத்தியெண்பது குடும்பம் இருக்குற சபையில ரெண்டாவது ஆள் கெடைக்கலையாண்ணே?"

நான் பொருளாளரின் வயிற்றைப் பற்றிச் சொன்னேன். "அவன் பின்னக் கணக்குக்கும் அதே வயித்துவலிதான் சொன்னான்" என்றார்.

மோர் வந்தது. மழை, மகளிர் ஐக்கியம், ஐயரின் சர்க்கரை அளவு எல்லாம் பேசப்பட்டன. அரிசி பேசப்படவில்லை. தானியேல் சட்டைப் பையைத் தொடுவதும் கையை எடுப்பதுமாக இருந்தார். நான் இரண்டு முறை கண்ணைக் காட்டினேன். சாட்சிகள் எதிரில் இருக்கும்போது மனிதனுக்கு வாய் வருவதில்லை என்பது வேதத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கும்; அதனால்தான் சாட்சியை இரண்டாவதாக வைத்தார்கள்.

"சாப்பிட்டுப் பேசலாம்" என்று டீச்சர் எழுந்தார்.

வாழையிலை. சங்கரா மீன் குழம்பு, இறால் தொக்கு, புடலங்காய்ப் பொரியல். சுடச்சுட சோறு. முதல் கவளம் வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பருத்த அரிசி. நன்றாகக் களைந்து, ஊறவைத்து, பக்குவமாக வடித்த சோறு, ருசிக்குக் குறையில்லை. ஆனால் பருத்த அரிசி. முருகேசனும் ஒரு சோற்றை விரலில் நசுக்கிப் பார்த்துவிட்டு, சட்டென்று மீன் முள்ளில் கவனமானார்.

தானியேல் தஞ்சாவூர் டவுனில் பிறந்தவர். நெல் வயல்களுக்கு நடுவே அறுபத்திரண்டு வருடம் வாழ்ந்து, அரிசியை மளிகைக் கடை விலைப்பலகையில் மட்டுமே அறிந்தவர். காலையிலிருந்து பட்டினி வேறு. இரண்டு கவளம் உள்ளே போனதும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய வாய் திரும்பி வந்தது.

"டீச்சர்! சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். சொந்த நிலத்து சீரகச் சம்பான்னா இதான்! என்ன மணம்! இந்த மணம் வேற எதுக்கு வரும்?"

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

"வாயில போட்டா கரையுது டீச்சர். ரத்தத்துலயே கலக்குது. நம்ம மண்ணு அப்படி!"

டீச்சர் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"இது ரேஷன் அரிசி, தானியேல் சார். முந்தாநாள் தங்கச்சி கார்டுல வாங்கினது."

தானியேலின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. முருகேசனுக்குப் புரை ஏறியது. அடக்கப் பார்த்து முடியாமல், மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து டீச்சர் சிரித்தார். முதலில் லேசாக, பிறகு கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"மணம் வருதாம்! ரத்தத்துல கலக்குதாம்!"

"டீச்சர், நீங்க வேணும்னே…" என்றார் தானியேல்.

"நான் ஒண்ணும் பண்ணல. தினமும் இதான் சாப்பிடுறேன். எங்க நெல்லு இன்னும் தம்பி வீட்டுக் குதிர்ல கெடக்கு. நீயாத்தானே ஆரம்பிச்ச!"

'நீயாத்தானே' என்றார். நான் அதைக் கவனித்தேன். தானியேல் கவனிக்கும் நிலையில் இல்லை. அவர் இடக்கையால் சட்டைப் பையிலிருந்து என் வாசகத்தை எடுத்தார். "டீச்சர், மேற்படி பண்டிகை நாளன்று…"

"அதை மடிச்சு உள்ள வை."

மடித்து வைத்தார்.

டீச்சர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நீ சொன்னது ஜோக்கு. நீ எதைத்தான் ஜோக்காச் சொல்லல? உன் பொண்டாட்டி சாவு வீட்டுல கூட ஒரு ஜோக்கு சொல்லிட்டுத்தான் அழுத. எனக்கு அது இல்ல வலி. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணே, நீங்களும் அங்கதான் நின்னீங்க. சரி, சிரிச்சாச்சு. அப்புறம்? என் போனைப் பாருங்க. கைகூப்புற படம் எத்தனை, புறாப் படம் எத்தனை, 'உங்களுக்காக ஜெபிக்கிறோம் அக்கா' எத்தனை. ஐயர் ஒரு மணி நேரம் வாய்ஸ் மெசேஜ்ல ஜெபம் பண்ணியிருக்காரு. ஒருத்தராவது பஸ் ஏறி வந்தீங்களா? எங்கம்மா சாகக் கெடந்தப்போ சேரியில கார் வராது, ரோடு கெடையாது. அன்னிக்கி இருந்த ஐயர் வரப்புல நடந்து வந்தாரு, முழங்கால் வரை சேறு. இன்னிக்கி உங்களுக்கு நாலு வழிச் சாலை போட்டுத் தந்திருக்கான்."

நாலு வழிச் சாலை இன்னும் எல்லா இடத்திலும் முடியவில்லை என்ற விவரம் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தானியேல் கையைக் கழுவிவிட்டு வந்தார். "டீச்சர், கொஞ்சம் வெளிய வர்றீங்களா? இவங்க இல்லாம."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார்.

மூன்று மணி. கோட்டைக்கு எதிரே, கொட்டிப் போட்ட கருங்கற்களின் மேல் சாட்சிகள் இருவரும் உட்கார்ந்தோம். சுக்கு மல்லிக் காபி ஆளுக்குப் பதினைந்து ரூபாய். கீழே மணலில் அவர்கள் இரண்டு பேரும் நின்றார்கள், ஐம்பதடி தூரம். காற்றும் அலையும் சேர்ந்து ஒரு சொல்லைக் கூட மேலே விடவில்லை.

"அம்மா திட்டுறாங்க சார்" என்றார் முருகேசன்.

"எப்படித் தெரியும்?"

"குடை ஆடுது பாருங்க."

குடை வெகுநேரம் ஆடியது. ஓர் அலை வந்து தானியேலின் புது பேண்டை முழங்கால் வரை நனைத்தது. அவர் நகரவில்லை. அடுத்த அலைக்கும் நகரவில்லை. செருப்பில் ஒன்று மிதந்து போயிற்று. ஒரு மீனவர் அதைப் பிடித்துக் கரையில் எறிந்துவிட்டு, இவர்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார். பிறகு தானியேல் பேசினார். எங்கள் ஊரில் எவரும் கண்டிராத விதமாக, கைகளை ஆட்டாமல் பேசினார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. டீச்சர் குடையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

முருகேசன் முகத்தைக் கோட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். "பாக்கணும்னு சொன்னீங்க சார். இதையும் பாக்கணுமா?"

"வேண்டாம்" என்றேன். நானும் கோட்டையைப் பார்த்தேன். நல்ல கோட்டை.

நாலே கால். திரும்பும் காரில் நான்கு பேர். டீச்சர் முன் இருக்கையில். பெட்டியில் பாதி துணி, பாதி கருவாடு. வண்டி நுழைவாயிலைத் தாண்டுவதற்கு முன்பே ஜெனிஃபருக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஏய், நான்தான். அழாத. அழுதா மூக்கு வீங்கும், வியாழக்கிழமை போட்டோவுல தெரியும். ரவிக்கை தைச்சாச்சா? எவன் தைச்சான்? அவனா? அவன் கையை இறக்கித் தைப்பான்டி! நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் எடுத்துட்டு வா, பிரிச்சுத் தைக்கலாம். உங்கப்பனா? பின்னாடி ஈர பேண்டோட உக்காந்திருக்கான்."

செம்பனார்கோயில் வருவதற்குள் பந்தல்காரரை மாற்றினார். மயிலாடுதுறையில் பாடகர் குழுவின் இரண்டு பாட்டுகளை நீக்கினார். பொருளாளருக்குப் போன் செய்து வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்து, ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தன்னை வந்து பார்க்கச் சொன்னார். தானியேல் குத்தாலத்தில் தூங்கிப்போனார். வாய் மூடித் தூங்கினார்.

நூற்றைந்து கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதற்கு இந்தக் கட்டுரையே சான்று. எங்கள் சபையில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரு விரல் தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, எட்டு மாதம் விரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தோம். கால் போக வேண்டிய இடத்துக்குக் கால்தான் போக வேண்டும் என்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. எழுதினால் நாங்கள் அதற்கும் ஒரு கமிட்டி போடுவோம்.

தஞ்சாவூருக்குள் நுழையும்போது ஐயர் என்னை அழைத்தார். "என்ன நடந்துச்சு சார்? டீச்சர் என்ன சொன்னாங்க? இவர் என்ன சொன்னார்? கமிட்டி ரிப்போர்ட் கேக்குது."

"எனக்குத் தெரியாது ஐயரே."

"நீங்கதானே சாட்சி?"

"ஆமாம். சாட்சிக்குப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவேண்டியதில்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் போதும். பார்த்தோம்."

"பார்த்தோம் ஐயரே" என்றார் முருகேசன், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, போனுக்குக் கேட்கும்படி.